நிரை முந்நூற்றுப் பன்னிரண்டு

கோட்டையில், ஏழாம் மாடியில்,
ஏசி இரைச்சலுக்குக் கீழே
நாங்கள் கிராமங்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தோம்.
இணைய மானியம் இருநூறு பிரிவுகளுக்கு.
வந்த விண்ணப்பம் ஆயிரத்து நாற்பது.
என் வேலை எக்செல் தாளை உருட்டுவது.
மேலே என்றால் மேலே,
கீழே என்றால் கீழே.

"கிராமம் என்றால் என்ன?" என்று கேட்டார்
பணிப்பாளர் விதானகே.
யாரும் அதைத் தத்துவமாக எடுத்துக்கொள்ளவில்லை.
சுற்றறிக்கையில் வரைவிலக்கணம் உண்டு:
செக்கனுக்குப் பத்து மெகாபிட்டுக்குக் குறைவு.
கோபுரத்திலிருந்து நாலு கிலோமீற்றருக்கு அப்பால்.
துறை: கிராமியம்.

கம்பனிக்காரர் வரைபடத்தை விரித்தார்.
தீவு முழுக்க ஊதா.
ஊதா என்றால் சிக்னல்.
குளத்து நடுவிலும் சிக்னல், யானைக் காட்டிலும் சிக்னல்.
ஊதாவுக்கு மேடு தெரியாது, பள்ளம் தெரியாது.
பிரிவில் ஒரு வீட்டுக்கு எட்டினால்
பிரிவுக்கே எட்டியதாகப் பதிவு.
ஒருத்தன் சாப்பிட
ஊரே ஏப்பம் விட்ட மாதிரி.

தேநீர் வந்தது.
அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

'கிராமியம்' என்று வடிகட்டினேன்.
ஆயிரத்து நாற்பது
அறுநூற்றுப் பதினேழாய்ச் சுருங்கியது.
"கெட்டிக்காரி" என்றார்கள்.
நிரை முந்நூற்றுப் பன்னிரண்டு
திரையில் இல்லை.

அது எனக்குத் தெரிந்த நிரை.
கிளன்வெர்னா தோட்டம், கீழ்க்கணக்கு.
அங்கே பிரிவைக் கணக்கு என்றுதான் சொல்வார்கள்,
கணக்கில் வராத போதும்.
மங்களேஸ்வரி என்ற கணித ஆசிரியை
கோடு போட்ட தாளில் எழுதி
தபாலில் அனுப்பியிருந்தார்.
பரீட்சை விண்ணப்பம் அனுப்பப் பிள்ளைகள்
தண்ணீர்த் தாங்கியின் மேல் ஏறுகிறார்கள்.
ஏணிக்குப் பதினான்கு படி.
ஒன்பதாவது இல்லை.
படம் இணைத்திருந்தார்: சப்பாத்தைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு
மேலே நிற்கிற ஒரு பிள்ளை,
தலை சட்டகத்துக்கு வெளியே.

துரை பங்களாவில் நாலு கோடு விழுமாம்.
அதனால் அங்கேயும் ஊதா.

"சேர், தோட்டங்கள்?" என்றேன்.
விதானகே கெட்டவர் அல்ல.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நகரம், கிராமம், தோட்டம்.
மூன்றும் வேறு வேறு, மிஸ்.
தோட்டம் கிராமமில்லை. அதற்கு வேறு அமைச்சு."
"அங்கே கேட்டால்
இணையம் எங்கள் விடயமில்லை என்பார்கள்"
என்றார் நிதிப்பிரிவு ஃபஸ்லான்.
எல்லோரும் சிரித்தோம்.
நானும்.
அதை எழுதாமல் விட்டால் மற்றதெல்லாம் பொய்.

ஆறரைக்கு முடிந்தது.
ஜன்னலில் தாமரைக் கோபுரம்
பச்சையாகி, மஞ்சளாகி,
கொஞ்ச நேரம் ஊதாவாகவும் நின்றது.
வெள்ளவத்தையில் என் அறை வாசலில்
மூன்று கம்பனிகளின் கம்பிகள்
ஒன்றோடொன்று சிக்கித் தொங்குகின்றன.
காகம் கூட அவற்றைப் பிரித்து உட்காராது.

மறுநாள் நிராகரிப்புக் கடிதங்கள்.
தமிழில் வந்தவற்றுக்குத் தமிழில்; அது என் பங்கு.
தங்கள் பிரிவு தகைமை பெறவில்லை
என்பதை மனவருத்தத்துடன்.
மனவருத்தம் அச்சிலேயே இருக்கிறது,
நான் சேர்க்க வேண்டியதில்லை.
எல்லாம் மின்னஞ்சலில் மட்டும் என்று உத்தரவு.
நாற்பத்தொன்றை அனுப்பினேன்.
நாற்பத்திரண்டாவதில் கை நின்றது.

இதைப் படிக்க
யாரோ ஏணியில் ஏற வேண்டும்.

அச்செடுத்தேன்.
ஓரத்தில் இரண்டு வரி எழுதினேன்:
அடுத்த சுற்று மார்ச்சில், ரீச்சர்.
துறை என்ற கட்டத்தில் கிராமியம் என்று போடுங்கள்.
பென்சிலால்தான் எழுதினேன்,
யாரும் கேட்டால் அழிக்கலாம் என்று.
கையொப்பம் வைக்கவில்லை.
முத்திரை என் காசு.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்
கோட்டைத் தபால் கந்தோர் வரிசையில் நின்றேன்.
முன்னால் ஒன்பது பேர்.
கவுண்டரில் இருந்தவர்
கணினி வேலை செய்யவில்லை,
கொஞ்சம் பொறுங்கள் என்றார்.